மூன்று விரற்கடை

ஏப்ரல் 13

கரூரிலிருந்து மதியம் வந்து சேர்ந்தோம். அரையிறுதியில் தோற்றாயிற்று. போடி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் போனதைப் பார்த்தால் துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர், "என்ன வடிவக்கா, இந்தத் தடவையும் செமியா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். ஊரில் எங்கள் கூடைப்பந்து அணிக்குப் பெயரே 'செமி டீம்'தான்.

மோசமான அணி என்று யாரும் சொல்ல முடியாது. தபால் ஆபீஸ் வேலை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போய் நான் பயிற்சி கொடுக்கிற பெண்கள் இவர்கள். போகிற போட்டியிலெல்லாம் அரையிறுதிவரை வந்துவிடுகிறார்கள். அதற்குமேல் ஒரு படி ஏறச் சொன்னால் கால் வரமாட்டேன் என்கிறது. சொந்த ஊரில் நடக்கிற ஆடிக் கோப்பையை மட்டும் இரண்டு வருஷமாக நாங்களேதான் வாங்குகிறோம். வெளியூர் அணிகள் இங்கே வந்தால், எறிகிற பந்தெல்லாம் வளையத்தின் பின் கம்பியில் அடித்துத் திரும்பும். மலைக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்று அவர்களுக்குப் பழகவில்லை என்போம். அந்தக் காற்றைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருமை வந்துவிடும், ஏதோ அவரவர் வீட்டு மின்விசிறி மாதிரி.

நேற்றுத் தோற்றதற்குக் காரணம் நாகஜோதி. கடைசி நிமிஷத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒன்று போட்டிருந்தால் சமன், இரண்டும் போட்டிருந்தால் ஜெயம். இரண்டுமே வளையத்தின் முன் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தன. இங்கே கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள் அவள். எனக்கு வாய் நீளம், பொறுக்கவில்லை. எல்லாரையும் வைத்துக்கொண்டே சொன்னேன்: "உனக்குக் கை இருக்குடி. நெஞ்சுதான் இல்ல."

"சரிக்கா" என்றாள்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன், முந்திரி கருகிவிட்டது. அணியின் ஜெர்ஸிகளை ஊறப்போட்டுத் துவைத்தேன். ஜோதியின் ஏழாம் நம்பர் ஜெர்ஸியில் மட்டும் கழுத்துப் பக்கம் கண்மைக் கறை, சோப்புக்குப் போகவில்லை. எழுத வேறு விசேஷம் இல்லை. பேனாவை மேசைமேல் இருக்கிற இரும்புப் பூணில் போட்டு வைக்கிறேன். கனமான பூண், சாயாது.

ஏப்ரல் 17

கூடைப்பந்துக் கழகச் செயலாளர் பரமசிவம் அண்ணன் தன் ஏலக்காய் ஸ்டோருக்கு வரச் சொல்லியிருந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அந்த வாசத்தில் மூக்கு மரத்துப்போயிருக்கும். எனக்குத் தலை வலித்தது.

"வடிவு, சென்னையிலருந்து ஒரு பிள்ளைய கெஸ்ட் பிளேயரா இறக்குவமா? எல்லா கிளப்பும் அப்பிடித்தான் கப்பு வாங்குறாய்ங்க."

"யாரை எடுத்துட்டுண்ணே?"

"ஜோதிய. நல்ல பிள்ளைதான். வெளியூர் போனா நடுங்குதே, என்ன செய்ய?"

மே மாதக் கடைசியில் உடுமலையில் போட்டி இருக்கிறது. சென்னையில் ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கே பார்க்க வருகிறார்கள். எடுத்தால் வேலையும் சேர்ந்து வரும். ஜோதியின் பெயரை நான்தான் அனுப்பியிருக்கிறேன். அவள் அப்பா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறார். மகளை விளையாட விடுவதற்காக அண்ணன் தம்பிகளிடம் பேச்சு வாங்கியவர்.

"உடுமலை வரைக்கும் பொறுங்கண்ணே" என்றேன். இவ்வளவு நல்லவளாக நடந்துகொண்டதில் எனக்கே ஒரு திருப்தி.

ஏப்ரல் 22

கோர்ட்டில் போர்டுகளுக்கு வெள்ளையடிக்க வீட்டுக்காரரைக் கூட்டிப்போனேன். பெயிண்ட் கடையும் போர்டு எழுதுவதும் அவர் தொழில். ஏணிமேல் நின்று, போர்டில் போடுகிற கட்டம் மட்டமாக வருவதற்காக வளையத்திலிருந்து தரைக்கு டேப்பை விட்டார்.

"ஏம்மா, ரிங்கு பத்தடின்னுதான சொல்லுவ?"

"ஆமா."

"மூணு விரக்கடை குறையுதே."

"உங்க டேப்பு இத்துப்போன டேப்பு."

"போன வாரம் பிரிச்ச டேப்புடி."

"வந்த வேலையப் பாருங்க. வெயில் ஏறுது."

பார்த்தார். கட்டம் அழகாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 23

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோர்ட்டுக்குப் போனேன். ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் அளந்தேன். மறுபடி அளந்தேன். டேப்பில் குற்றம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தரை வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள். பரமசிவம் அண்ணனை நச்சரித்து, பழைய தரைக்கு மேலேயே புதிதாகக் கான்கிரீட் போடவைத்தேன். கூடவே நின்று தண்ணீர் ஊற்றினேன். கல்வெட்டில் 'முயற்சி: சண்முகவடிவு' என்று என் பெயர் இருக்கிறது. தரை மேலே ஏறிவிட்டது, வளையம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியென்றால் பிள்ளைகள் இரண்டு வருஷமாகத் தாழ்ந்த வளையத்துக்குக் கையைப் பழக்கியிருக்கிறார்கள். வெளியூரில் சரியான உயரம். அங்கே போனால் பந்து கொஞ்சம் எட்டாமல் போகிறது, முன் கம்பியில் படுகிறது. இங்கே வருகிறவர்களுக்கு நேர்மாறு. காரணம் காற்று இல்லை, நெஞ்சும் இல்லை.

போட்டி நடுவர்கள் அளக்காமல் விட்டார்களா என்றால், அளந்தார்கள். கழகம் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு மூங்கில் அளவுக்கம்பு இருக்கிறது. அதை வளையத்துக்குக் கீழே நிறுத்தி, நுனி தொட்டால் தலையாட்டுவார்கள். தரை போட்ட பிறகு கம்பு வளையத்துக்கடியில் நிற்காமல் இடித்திருக்கிறது. கம்பின் அடியில் மூன்று விரற்கடைக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பூணை, பிற்காலத்தில் மாட்டியது என்று நினைத்து யாரோ கழற்றியிருக்கிறார்கள். அதன்பிறகு சரியாக நின்றது.

சாயங்காலம் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 24

சொல்லவில்லை. கேப்டன் பர்வீனுக்குக் காய்ச்சல், பாதிப் பேர்தான் வந்தார்கள். எல்லாரும் இருக்கும்போது சொல்வதுதான் முறை.

ஏப்ரல் 27

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டு ஆடிக் கோப்பையும் செல்லாது என்பார்கள். ஊர் சிரிக்கும். பரமசிவம் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? பிள்ளைகளுக்கும் உடுமலைக்கு முன்னால் மனசு கலங்கிவிடும். வளையத்தை ஓசைப்படாமல் ஏற்றிவிட்டால், ஒரு மாதத்தில் கை தானாகப் பழகிக்கொள்ளும். எல்லாருக்கும் நல்லது.

மதியம் வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷின் கொண்டுவந்து புதுத் துளை போட்டு, இரண்டு வளையத்தையும் ஏற்றி முடுக்கினார். பழைய துளைகளுக்குப் பட்டி வைத்து வெள்ளை பூசினார். கைகாரர், தடமே தெரியவில்லை.

இறங்கியதும் கேட்டார். "பிள்ளைககிட்டச் சொல்லிருவல்ல?"

"சொல்லுவேன்."

"ஜோதிகிட்ட முதல்ல சொல்லு. பாவம் அந்தப் பிள்ளை."

"அதான் சொல்லுவேன்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

ஏப்ரல் 28

பந்து எதுவும் விழவில்லை. பர்வீன் வளையத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா, ரிங்கு ஒரு மாதிரி இருக்கு?"

"போர்டு புது வெள்ளைல்ல. கண்ணு கூசும். ரெண்டு நாள்ல சரியாப்போகும்."

இந்தப் பொய்யை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது.

மே 3

ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை. ஆபீசில் தணிக்கை. பர்வீனுக்கும் மற்றவர்களுக்கும் பந்து விழ ஆரம்பித்துவிட்டது. அவர்கள் ஓடிப்போய் வளையத்துக்குப் பக்கத்தில் குதித்துப் போடுகிறவர்கள், சட்டென்று பழகிவிடும். தள்ளி நின்று போடுகிறவள் ஜோதி ஒருத்திதான். அவளுக்குக் கைக்கணக்குத்தான் எல்லாம். காலையில் தனியாக வந்து எறிகிறாளாம், வாட்ச்மேன் சொன்னார்.

மே 9

ஜோதி முன் கம்பி, முன் கம்பி, முன் கம்பி. அவளைக் கூப்பிட்டு முழங்காலை இன்னும் மடக்கச் சொன்னேன். நல்ல யோசனைதான், உயரத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஏன் என்று சொல்லாமல் சொன்னால் அவளுக்கு என்ன விளங்கும்? முழங்கையைத் திருத்தினாள். விரலைத் திருத்தினாள். நின்ற இடத்தை மாற்றினாள். சின்ன வயசிலிருந்து அவளோடு வந்த அந்த அழகான எறி, என் கண் முன்னாலேயே பீஸ் பீஸாகப் போனது. நான் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மே 15

பயிற்சி முடிந்து எல்லாரும் போனபிறகு ஜோதி பந்துப் பையைக் கட்டிக்கொண்டே நின்றாள். முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லு."

"வெளியூர்லதான் பயம்னு இருந்தேன். இப்ப நம்ம கிரவுண்டுலயும் பயமா இருக்குக்கா. பந்து கைக்கு வந்தா யார்கிட்டயாவது தள்ளிவிடத்தான் தோணுது. நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான். நெஞ்சுதான் இல்லபோல."

வாய்வரை வந்தது. இத்தனை வருஷமாக எதையும் அடக்கிவைக்கத் தெரியாத வாய், இன்றைக்கென்று அடங்கிக் கிடந்தது. "எல்லாம் சரியாப்போகும், போய்ச் சாப்ட்டுப் படு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனாள்.

இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

மே 16

பூணை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்த யாரோ நான்தான். அது இந்த மேசையில்தான் இருக்கிறது, இப்போது எழுதுகிற பேனாவை அதிலிருந்துதான் எடுத்தேன். என்னுடைய நோட்டில் எனக்கே இப்படி எழுதுகிறவள், பிள்ளைகளிடம் எங்கே சொல்லப் போகிறேன்.

மே 24

உடுமலை. கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். ரவா உப்புமா நன்றாக இருந்தது. முதல் ஆட்டம் சுலபமாக ஜெயித்தோம். ஜோதி பந்து வந்த உடனே அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டாள். ஒரு தடவைகூட வளையத்தைப் பார்க்கவில்லை.

மே 26

அரையிறுதியைத் தாண்டிவிட்டோம்.

இதை எழுத இத்தனை வருஷம் காத்திருந்தேன். பர்வீன் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எறிந்ததெல்லாம் விழுந்தது, வெளியூர் என்கிற நினைப்பே யாருக்கும் இல்லை. பரமசிவம் அண்ணன் போனில் கத்துகிறார். என் கணக்குத் தப்பவில்லை. வளையத்தை ஏற்றியதும் அணி ஏறிவிட்டது.

ஜோதியை இரண்டாம் பாதியில் வெளியே எடுத்தேன். வேறு வழியில்லை, கையில் பந்து இருந்தும் எறியாமல் நிற்கிறாள். துறை அணிக்காரர் இருவரும் ஆட்டம் முடியும்வரை இருந்தார்கள். போகும்போது ஒருவர், "நீங்க எழுதின பிள்ளை இதுதானாம்மா?" என்று கேட்டார். "உடம்பு சரியில்ல சார்" என்றேன். வேறு ஊர்ப் பெண்கள் இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்களாம்.

தண்ணீர் பாட்டில்களையெல்லாம் ஜோதிதான் நிரப்பி வைத்தாள். எல்லாரையும் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

மே 27

இன்று இறுதியாட்டம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜோதியை மண்டபத்துப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். தரை, வளையம், கம்பு, பூண், எல்லாம். 

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏப்ரல்லயே."

"நான் பயமா இருக்குன்னு வந்து சொன்னேன்ல. அன்னைக்கு?"

"தெரியும்."

பக்கத்தில் அண்டாவைக் கழுவிய தண்ணீர் எங்கள் காலுக்கிடையில் ஓடியது. அவள் செருப்பை நகர்த்திக்கொண்டாள்.

"தப்புத்தான் ஜோதி. என்னை மன்னிச்சிரு."

"திட்டும்போது எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான திட்டுனீங்க. இதை மட்டும் தனியாக் கூட்டியாந்து சொல்றீங்க."

உள்ளே போய்விட்டாள். எனக்கு அங்கேயே உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார இடமில்லை, எங்கும் ஈரம்.

சாயங்காலம் ஏழாம் நம்பர் ஜெர்ஸியைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் வந்து உட்கார்ந்தாள். கடைசிக் கால் பகுதியில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். "இறங்குறியா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் மேடம்."

இவள் என்னை இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நடுவர் விசிலடித்து ஆளை அனுப்பச் சொன்னார். வேறொருத்தியை அனுப்பினேன்.

ஜெயித்துவிட்டோம்.

மே 28

பஸ் ஸ்டாண்டில் தவில், நாதஸ்வரம், சரவெடி. டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. என் கழுத்தில் மாலை போட்டார்கள். பேப்பருக்குப் படம் எடுத்தபோது ஜோதி எல்லார் பையையும் காவல் காத்துக்கொண்டு தூண் பக்கம் நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது.

அவள் அப்பா ஜீப்போடு வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு வேலை கிடைக்கலைன்னாலும் கப்பு கிடைச்சிருச்சுல்லம்மா, உங்க புண்ணியம்" என்றார்.

ஜூன் 2

துறை அணிக்காரருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இந்த வருஷம் ஆள் எடுத்து முடிந்தது, அடுத்த தேர்வுக்கு அனுப்புங்கள் என்றார். அடுத்த தேர்வு எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

பரமசிவம் அண்ணனிடமும் சொன்னேன். ஒரு ஏலக்காயை எடுத்து உருட்டினார்.

"வேற யாருக்கும் தெரியுமா?"

"ஜோதிக்கும் எங்க வீட்டுக்காரருக்கும்."

"விடு வடிவு. அது காத்துன்னே இருக்கட்டும்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஜூன் 5

ஜோதி பயிற்சிக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பர்வீன் கேட்டதற்கு வயிற்றுவலி என்றாளாம். ஏழாம் நம்பர் ஜெர்ஸியைத் துவைத்து, தேய்த்து, மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கண்மைக் கறை இன்னும் இருக்கிறது.

ஜூன் 8

பூணில் இருந்த பேனாக்களைக் கொட்டிவிட்டு, பூணைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரர் பார்த்தார். "ஏணி வேணுமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

கோர்ட்டுக்குப் போய், பர்வீனை அனுப்பி ஜோதியை வரவழைத்தேன். அவள் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பரமசிவம் அண்ணனும் வந்திருந்தார். மேல்காற்று ஆரம்பித்துவிட்டது, குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். "ஜோதிக்கு நெஞ்சு இல்லன்னு சொன்னேன். தப்பு என்னுது. ரிங்கு தாழ்ந்து கிடந்துச்சு. தெரிஞ்சும் மறைச்சேன். அவ கையில ஒரு குத்தமும் இல்ல." ஆடிக் கோப்பை தொடக்க விழாவில் வெளியூர் அணிகள் முன்னாலும் மைக்கில் சொல்லப்போகிறேன் என்றேன். பரமசிவம் அண்ணன் எழுந்து போய்விட்டார்.

கம்பை எடுத்து, எல்லாரும் பார்க்க அடியில் பூணைச் செருகிக் கல்லால் தட்டினேன். வளையத்துக்குக் கீழே நிறுத்தினேன். சரியாகத் தொட்டது.

பர்வீன் என்னைப் பார்க்கவே இல்லை. ஒருத்தி மட்டும், "அப்ப வெள்ளை அடிச்சதால கண்ணு கூசும்னு சொன்னது?" என்று கேட்டாள். பொய் என்றேன். திரும்பிப் பார்த்தபோது கேட்டில் ஜோதி இல்லை.

ஜூன் 10

மழைத் தூறல். பயிற்சி இல்லை. துவரம்பருப்பு, சீயக்காய், ஸ்டவ் திரி வாங்க வேண்டும்.

ஜூன் 13

இன்று கோர்ட்டுக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே ஜோதி வந்திருந்தாள். ஸ்டோர் ரூமைத் திறந்து அளவுக்கம்பை இழுத்துக்கொண்டு வந்தாள். அது அவளைவிட ரொம்ப நீளம், காற்றில் ஆடியது. ஒரு கையால் கம்பை நிறுத்தி, தள்ளிப்போய் நுனியைப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. கம்பு சாய்ந்தது.

"மேடம், கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தேன். அவள் பின்னால் போய் நின்று பார்த்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள். குனிந்து, பூண் தரையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். எதிர்ப்பக்க வளையத்துக்கும் அப்படியே. பிறகு கம்பை என்னிடமே விட்டுவிட்டு ஃப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்றாள்.

முதல் பந்து முன் கம்பி. இரண்டாவதும். மூன்றாவது விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. 

ஜூன் 14

ஜோதி வந்ததும் முதலில் கம்பை எடுத்தாள். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 21

வளையம் எங்கேயும் போய்விடாது, தினமும் அளக்க வேண்டிய அவசியம் இல்லை. இது அவளுக்கும் தெரியும். ஆனாலும் இன்றும் அளந்தாள். பந்து இப்போது நன்றாகவே விழுகிறது.

நான் ஆபீசிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. மற்ற பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கம்பைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, வளையத்துக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பர்வீன், "நான் பிடிக்கவா?" என்று கேட்டதற்கு, "மேடம் வரட்டும்" என்றாளாம்.

பையை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன்.